பாய் மகராஜ் சிங்: சிறையில் மறைந்த தியாகி

ஜொகூர் பாருவின் ஜாலான் திருஸ் சாலையில் சீக்கியர்களின் வழிபாட்டுத் தலமான குருத்வாரா ஒன்று உள்ளது. ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றால், சிலாட் சாலையில் மற்றொரு குருத்வாராவைக் காணலாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் தொடக்கத்தில் அங்கு நடைபெறும் நினைவு வழிபாட்டில் மலேசியச் சீக்கியர்களும் கலந்துகொள்கின்றனர். அவர்கள் போற்றி நினைவுகூரும் தியாகி பாய் மகராஜ் சிங் ஆவார்.

இவர் பஞ்சாபில் லூதியானா வட்டாரத்தைச் சேர்ந்த ரப்போன் என்னும் சிற்றூரில் பிறந்தார். நிகால் சிங் என்பது இவரது இயற்பெயர். நௌரங்காபாத்தில் வாழ்ந்த பாய் பீர் சிங் என்னும் ஞானியின் சீடராகி, நாடி வந்தோர்க்கெல்லாம் உணவளிக்கும் பொதுச் சமையற்கூடத்தில் தொண்டு செய்தார். எல்லாரையும் ‘மகராஜ்’ என்று மரியாதையுடன் அழைத்ததால், மக்கள் இவரையே அப்பெயரால் அழைக்கத் தொடங்கினர். ‘பாய்’ என்பது சகோதரர் எனப் பொருள்படும் மதிப்புச் சொல்லாகும். 1844ஆம் ஆண்டில் பீர் சிங் மறைந்தபின், சீடர்களை வழிநடத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது.

அக்காலத்தில் பஞ்சாபைச் சீக்கிய அரசு ஆண்டு வந்தது. ஆங்கிலேயர்கள் அதனைத் தம் வசப்படுத்த முயன்றனர். 1848ஆம் ஆண்டில் மூண்ட போரில், துறவியான மகராஜ் சிங் களத்திற்குச் சென்று சீக்கிய வீரர்களை ஊக்கப்படுத்தினார். 1849 மார்ச்சில் பஞ்சாப் ஆங்கிலேயர் ஆட்சியில் இணைக்கப்பட்டது. சீக்கியப் படைத் தலைவர்கள் பலர் சரணடைந்தனர். மகராஜ் சிங் பணியவில்லை. ஊர் ஊராக மறைந்து சென்று, மீண்டும் எழுச்சிக்கு மக்களைத் திரட்டினார். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஆதம்பூருக்கு அருகில் கைது செய்யப்பட்டார்.

ஆங்கிலேய அரசு அவரை நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. வெளிப்படையாக விசாரித்தால் மக்கள் கொந்தளிப்பார்கள் என்று அஞ்சியது. ஆகவே, விசாரணையின்றியே அவரையும் சீடர் கரக் சிங்கையும் கப்பலேற்றிச் சிங்கப்பூருக்கு நாடு கடத்தியது. 1850ஆம் ஆண்டில் இருவரும் ஊட்ரம் சிறையில் அடைக்கப்பட்டனர்.

அப்போது ஜொகூரின் ஆட்சியாளரான தெமெங்கோங் டாயிங் இப்ராகிம், சிங்கப்பூரின் தெலுக் பிலாங்காவிலிருந்து ஆட்சி நடத்தி வந்தார். 1855ஆம் ஆண்டில் இன்றைய ஜொகூர் பாரு, தஞ்சோங் புத்ரி என்ற சிறு குடியிருப்பாகத் தோற்றம் பெற்றது. இம்மாற்றங்கள் எவற்றையும் மகராஜ் சிங் காண இயலவில்லை. வெளிச்சம் குறைந்த அறையில் அடைபட்டிருந்த அவரது பார்வை ஏறக்குறைய மறைந்துவிட்டது. கால்கள் வீங்கின, நாவில் புற்றுநோய் உண்டானது. அவரை அவ்வப்போது வெளியில் உலவ விடலாம் என மருத்துவர் பரிந்துரைத்தார். இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அரசோ அதற்கு இணங்கவில்லை. 1856 ஜூலை 5ஆம் நாள் அவர் சிறையிலேயே உயிர் நீத்தார். சிறைக்கு வெளியே அவரது உடல் தகனம் செய்யப்பட்டது.

அவர் மறைந்தபோது இவ்வட்டாரத்தில் சீக்கியச் சமூகம் இன்னும் உருவாகவில்லை. 1870களில்தான் சீக்கியர்கள் காவல் பணிக்காக மலாயாவுக்கு மிகுதியாக வரத் தொடங்கினர். ஆயினும், அவரது நினைவு அழியவில்லை. அவர் நினைவாக இருந்த கல், பின்னாளில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் வளாகத்திற்குள் அமைந்தது. பல இனத்தாரும் சமயத்தாரும் அக்கல்லுக்கு மலர் வைத்து வணங்கினர் எனக் கூறப்படுகிறது. 1966ஆம் ஆண்டில் அந்நினைவிடம் சிலாட் சாலைக் குருத்வாராவுக்கு மாற்றப்பட்டது. அந்தக் குருத்வாரா, 1924ஆம் ஆண்டில் துறைமுகக் காவல் பணியில் இருந்த சீக்கியர்களின் முயற்சியால் எழுப்பப்பட்டதாகும்.

தியாகம் போர்க்களத்தில் மட்டும் நிகழ்வதன்று. ஆறு ஆண்டுகள் பார்வை இழந்து, நோயுற்று, தாய்மண்ணைப் பிரிந்து வாடியபோதும் கொள்கையில் உறுதியாக நின்றதும் தியாகமே. இன்று அக்குருத்வாராவில், வருவோர் எந்த இனத்தவராயினும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். எல்லாரையும் ‘மகராஜ்’ என்று அழைத்து உணவு பரிமாறிய அத்துறவிக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறில்லை எனலாம்.