வீடு கட்டுவதா, கட்டிய வீட்டை வாங்குவதா? கடலூர், சிதம்பரம் பகுதிக்கான சந்தேகங்களும் விளக்கங்களும்

வீட்டுக்காகப் பணம் சேர்க்கும் குடும்பங்கள், கூத்தப்பாக்கமானாலும் அம்மாபேட்டையானாலும், முதலில் விசாரிப்பது ‘சதுர அடி என்ன ரேட்?’ என்பதைத்தான். கடலூரிலும் சிதம்பரத்திலும் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி இறங்கினால், கூரை போடும் நேரத்தில் நகையை அடகு வைக்க நேரும். இங்கே செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் தரைக்குக் கீழே இருக்கும் மண்ணும் தண்ணீரும்.

மேஸ்திரி சதுர அடிக்கு ரூ.2,300 கேட்கிறார். 1,000 சதுர அடி வீட்டுக்கு ரூ.23 லட்சம் போதுமா?

போதாது. அந்த ரேட்டில் பெரும்பாலும் கட்டடம் மட்டுமே அடங்கும். போர், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், மின் இணைப்பு, வரைபட அனுமதிக் கட்டணம் எல்லாம் தனி. போர்டிகோவையும் மாடிப்படியையும் முழு அளவாகக் கணக்கிடுகிறாரா, பாதியாகவா? கடைக்கால் எத்தனை அடி ஆழம் வரை இந்த ரேட்? வேலை தொடங்கும் முன்பே இவற்றை எழுதி வாங்குங்கள்.

1,000 சதுர அடிக்கு ஏறக்குறைய 400 மூட்டை சிமென்ட், மூன்றரை முதல் நான்கு டன் கம்பி தேவைப்படும். எஸ்டிமேட்டில் இதைவிட மிகவும் குறைத்துக் காட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதற்கு முன்பு போட்ட எஸ்டிமேட்டைத் திருத்தச் சொல்லலாம். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டால், தனி வீட்டுக்கான அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

அதே பிளானில் கடலூரில் கட்டிய உறவினருக்குக் குறைவாகத்தான் செலவானது. சிதம்பரத்தில் ஏன் கூடுகிறது?

மண்தான் காரணம். சிதம்பரத்தைச் சுற்றி இருப்பது டெல்டாக் களிமண். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமில்லாத கடைக்கால் போட்டால் சில ஆண்டுகளிலேயே சுவரில் விரிசல் விடும். அதனால் அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த பைல் போட்டு, அதன்மேல் பீம் கட்டச் சொல்வார் பொறியாளர். கடலூர் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணில் இந்தத் தொல்லை இல்லை. மண் பரிசோதனைக்கு ஆகும் பணத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது மேடேற்றும் செலவு. 2015 நவம்பர் வெள்ளத்தையும், சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பாய்ந்து வந்த 2024 டிசம்பரையும் கடலூர் மறக்கவில்லை. 1,200 சதுர அடி மனையை 3 அடி உயர்த்த 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் மண் வேண்டும். மண் அமுங்குவதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே கொட்ட வேண்டிவரும். வயலைப் பிரித்துப் போட்ட மனை மலிவாகக் கிடைத்தால், இந்த மண் செலவையும் சேர்த்த பிறகே அதை மலிவு என்று சொல்லலாம்.

தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கடற்காற்று படும் இடங்களில் கான்கிரீட் குறைந்தது எம்-30 தரத்தில் இருக்க வேண்டும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் விட வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி 456. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் லாரித் தண்ணீர்தான் வழி. அதையும் செலவில் எழுதிவையுங்கள்.

பத்திரச் செலவில் எது லாபம்?

கட்டுவது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம். ரூ.40 லட்சத்துக்குக் கட்டிய வீட்டை வாங்கினால் ரூ.3.6 லட்சம் ஆகும். ரூ.12 லட்சத்துக்கு மனை வாங்கிக் கட்டினால் மனைக்கு மட்டும் ரூ.1.08 லட்சம். ரூ.10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

மனை அங்கீகாரமில்லாதது. வாங்கலாமா?

2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பத்திரம் ஆகியிருந்தால்தான் வரன்முறைக்கு வழி உண்டு. அங்கீகரித்த மனையாக, 2,500 சதுர அடிக்குள் இருந்தால், 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். இது 2024 ஜூலையில் வந்த வசதி.

பழைய வீட்டை வாங்குவது புத்திசாலித்தனமா?

சொந்த மனை இருப்பவர்கள் கட்டுவதே நல்லது. மனையும் சேர்த்து வாங்க வேண்டியவர்கள், பழைய வீடுகளையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், பிறகு 2015, 2024 வெள்ளங்கள் என மூன்றையும் தாங்கி நின்ற வீடு, எந்த எஸ்டிமேட்டும் தராத உறுதியைத் தருகிறது. அந்த நாட்களில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சன்ஷேடிலும் கூரை அடியிலும் சிமென்ட் பெயர்ந்து துருக்கம்பி தெரிந்தால், பழுதுச் செலவைப் பொறியாளரைக் கொண்டு மதிப்பிட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

வங்கிக் கடன் முழுச் செலவையும் ஈடுகட்டுமா?

ரூ.30 லட்சம் வரையிலான கடனில், சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம், ரூ.75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம். சொத்தின் விலை ரூ.10 லட்சத்தைத் தாண்டினால் பத்திரச் செலவு இந்த மதிப்பில் சேராது. அது உங்கள் கைப்பணம். கட்டுபவர்களுக்குக் கடன் ஒரே தவணையில் வராது. கடைக்கால், லிண்டல், கூரை என வேலை முடிய முடியத்தான் விடுவிப்பார்கள். அதுவரை குடியிருக்கும் வீட்டு வாடகையும் எடுத்த கடனுக்கு வட்டியும் சேர்ந்தே ஓடும். எனவே வேலை எத்தனை மாதம் இழுக்கும் என்று மேஸ்திரி சொல்கிறாரோ, அதற்கு மேல் ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தையும் கூட்டி வாடகையைக் கணக்கிடுங்கள்.