ஏரிக்கரையில் ஒரு 600 மில்லிமீட்டர்

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று தொடர்ந்து கிடக்கும் ஊர்களுக்குத் தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும் வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஏரிகள்தாம் அடையாளம். நகரம் அவற்றின் கரைகளை நாற்புறமும் நெருக்கிக்கொண்டு வந்த பின்னரும், மார்கழி பிறந்தது முதல் மாசி வரையில் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் பருத்திப்பட்டிலும் செம்பரம்பாக்கத்திலும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் ஊசிவால் வாத்தும் மீசை ஆலாவும் வந்து இறங்குவது நின்றபாடில்லை. அவற்றைக் காண விடியுமுன் கரையேறுகிறவர்களில் பட்டறைத் தொழிலாளியும் உண்டு, வங்கி ஊழியரும் உண்டு, கல்லூரி மாணவரும் உண்டு. அவர்களுள் பலருடைய தோளில் தொங்கும் லென்ஸ், பெரும் பத்திரிகைகளின் நிபுணர்கள் கையாளும் பத்து லட்ச ரூபாய்ச் சாதனமன்று, மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தோ தவணையிலோ வாங்கிய 150-600 ஜூம் லென்ஸே ஆகும்.

இந்த வகை லென்ஸ் சாமானியரின் கைக்கு எட்டியது அண்மைக் காலத்தில்தான். டாம்ரான் நிறுவனம் தன் 150-600-ஐ 2013-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. அடுத்த ஆண்டே சிக்மா அதே அளவில் இரண்டு லென்ஸ்களை அறிவித்து, அவற்றில் எடையும் விலையும் குறைந்த 'கன்டெம்பரரி' வகையை 2015-இல் கடைக்கு அனுப்பியது. அவ்வாண்டிலேயே நிக்கானின் 200-500-உம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் 600 மில்லிமீட்டர் என்பது பெரும்பாலோருக்குக் கண்காட்சியில் பார்த்துவிட்டு வரும் பொருளாகவே இருந்தது. ஆயினும், வாங்கிய முதல் மாதத்திலேயே 'படம் சாஃப்டாக இருக்கிறது, போகஸ் பிடிக்கவில்லை' என்று மனம் நொந்து, லென்ஸை விற்றுவிடத் துணிகிறவர்களும் நம்மிடையே உண்டு. விலைக் குறைவினால் இந்த லென்ஸ்கள் இழந்திருப்பது ஓரளவு வெளிச்சத்தையும் ஓரளவு வேகத்தையும் மட்டுமே என்பதும், படத்தின் கூர்மையைக் கெடுக்கும் காரணங்களுள் பெரும்பான்மை லென்ஸுக்கு வெளியே இருக்கின்றன என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

கண்ணாடியின் குணமும் தோஷமும்

முதலில் லென்ஸின் பங்கை நியாயமாக அளந்துவிடுவோம். 600 மில்லிமீட்டரில் எஃப்/6.3 என்றால், ஒளி நுழையும் வாயின் விட்டம் சுமார் 95 மில்லிமீட்டர். நிபுணர்களின் எஃப்/4 லென்ஸுக்கு அது 150 மில்லிமீட்டர். விட்டத்தில் ஒன்றரை மடங்காகத் தோன்றும் இந்த வித்தியாசம், பரப்பில், அதாவது உள்ளே புகும் வெளிச்சத்தில், இரண்டரை மடங்காகிவிடுகிறது. விலையின் பெரும்பகுதி அந்த அகன்ற கண்ணாடிக்கும் அதைப் பிழையின்றி உருவாக்கும் உழைப்புக்குமே போகிறது. அன்றியும், நூற்றைம்பதிலிருந்து அறுநூறு வரை எல்லாக் குவியதூரத்துக்கும் ஒரே குழலில் இருபது கண்ணாடிகளை அடுக்கி இடம்பெயரச் செய்கிற ஜூம் லென்ஸ், ஒரே குவியதூரத்துக்கென்றே சமைக்கப்பட்ட லென்ஸைப்போல் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கவியலாது. நானூறு, ஐந்நூறு வரையில் தெளிவாக வரும் இறகின் ரேகைகள், அறுநூறில் முழுத் துளையும் திறந்திருக்கையில் சற்றே மழுங்குவதும், வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் மெல்லிய ஊதாக் கோடு படிவதும் இதனால்தான்.

இதற்குப் பரிகாரம் எளிது. துளையை எஃப்/8-க்குச் சுருக்கினால், கண்ணாடியின் விளிம்பில் வளைந்து வரும் ஒழுங்கற்ற கதிர்கள் விலக்கப்பட்டுப் பிம்பம் திருந்துகிறது. ஆனால் எஃப்/11-ஐக் கடந்து மேலும் சுருக்கினாலோ, ஒளியின் அலைத்தன்மையே குறுக்கிட்டு ஒவ்வொரு புள்ளியையும் விரித்துவிடும். ஆகவே வெயில் தாராளமாக இருந்தால் எஃப்/8, விடியலின் மங்கலில் முழுத் துளை என்பதே கரையில் நிற்பவருக்குப் போதுமான நியதி. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம்: லென்ஸின் முகப்பைக் காக்கவென்று மலிவான பில்டரை அதன்மேல் மாட்டி, அந்தப் பில்டர் செய்யும் தோஷத்தை லென்ஸின் தலையில் சுமத்துகிறவர்கள் அநேகர், அதைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பார்ப்பது முதல் பரீட்சையாக இருக்கட்டும்.

போகஸ் தேடும் கணம்

கூர்மையைப் பற்றிய புகார்களில் பாதிக்கு மேல் உண்மையில் போகஸைப் பற்றியவையே. கொரட்டூர் ஏரியில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி வேட்டையாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நீருக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, அலகைச் செங்குத்தாகக் கீழே நோக்கிப் பிடித்து, கண்ணிமைப்பதற்குள் சிறகை மடக்கி விழுகிறது அப்பறவை. அது நிற்கும் அந்தச் சில வினாடிகளில், பின்னணியில் வானமும் கரைமரங்களும் மாறி மாறி வர, லென்ஸ் பறவையைத் தவறவிட்டு, கிட்டத்திலிருந்து தொலைவுக்கும் தொலைவிலிருந்து கிட்டத்துக்கும் ஒருமுறை முழுதாக ஓடித் திரும்புகிறது. திரும்பி வரும்போது மீன்கொத்தி நீருக்குள் போயிருக்கும். பத்து மீட்டர் தொலைவில், சிறிய சென்சார் கொண்ட கேமராவில், 600 மில்லிமீட்டர் எஃப்/6.3-இல் கூர்மையாக விழும் ஆழம் மொத்தம் ஏழு சென்டிமீட்டர் அளவே. அலகின் நுனிக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டிலும் அது அதிகமில்லை.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் போகஸ் பகுதி, லென்ஸின் எதிரெதிர் ஓரங்களின் வழியே வரும் கதிர்களை ஒப்பிட்டு, அவை ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தைக் கணக்கிடுகிறது. அத்தகைய கேமராக்களின் போகஸ் புள்ளிகளில் பெரும்பாலானவை எஃப்/5.6 அளவு ஒளியை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவையாதலால், எஃப்/6.3 லென்ஸுடன் அவை விளிம்பில் நின்றே வேலை செய்கின்றன. பளிச்சென்ற வெயிலில் பங்கமில்லை. மேகமூட்டத்திலும் அந்தி வேளையிலும் தடுமாற்றம் தொடங்குகிறது. லென்ஸின் பக்கவாட்டில் உள்ள சிறு சுவிட்சைத் தள்ளி, பத்து மீட்டருக்கு அப்பால் மட்டுமே தேடும்படி வரம்பு கட்டிவிட்டால், வீண் ஓட்டத்தின் பெரும்பகுதி தவிர்க்கப்படும். பறவை வருமுன்பே அது வரக்கூடிய தொலைவில் உள்ள ஒரு நாணற்புதர் மீது போகஸைத் தயாராக வைத்திருப்பது அதனினும் உத்தமம்.

இன்னொரு சூட்சுமமான பிழை உண்டு. கேமராவின் போகஸ் பகுதியும் படம் விழும் சென்சாரும் டி.எஸ்.எல்.ஆரில் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், இரண்டுக்கும் இடையே மயிரிழை அளவு முரண்பட்டாலும், ஒவ்வொரு படமும் பறவைக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ கூர்மை பெற்றுவிடும். இதை வீட்டு மொட்டைமாடியிலேயே சோதிக்கலாம். பஞ்சாங்கக் குறிப்புகள் பொடி எழுத்தில் அச்சிட்ட தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி முக்காலியில் கேமராவை நிறுத்தி, வியூ பைண்டர் வழியாகச் சில படங்களும், திரையில் பார்த்து போகஸ் செய்து சில படங்களும் எடுத்து, ராகுகாலம் எமகண்டம் என்ற அந்த எழுத்துகளைப் பெரிதாக்கி ஒப்பிட வேண்டும். திரைவழி எடுத்தவை தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும் இருந்தால் கண்ணாடி நிரபராதி. கேமராவில் உள்ள நுண்திருத்த வசதியாலோ, சிக்மாவின் யு.எஸ்.பி. டாக் போன்ற துணைக்கருவியாலோ பிழையை நீக்கிவிடலாம். இரண்டும் மங்கலாக இருந்தாலும், தாளின் ஒரு பக்கம் தெளிந்து மறுபக்கம் மட்டும் கலங்கியிருந்தாலும், லென்ஸைச் சேவை மையத்துக்கு அனுப்புவதே முறை. மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரே போகஸையும் பார்த்துக்கொள்வதால் இந்த முரண்பாடு ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் ஆற்றலும் அவற்றில் வந்துவிட்டபின், பழைய மலிவு லென்ஸ்களே புதிய உயிர் பெற்றதுபோல் வேலை செய்வதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

காற்றும் ஒரு லென்ஸ்

செம்பரம்பாக்கத்துக்கு வருவோம். கடல்போல் விரிந்த அந்த ஏரியில், கரையிலிருந்து இருநூறு மீட்டருக்கு அப்பால் மிதக்கும் கூழைக்கடாக் கூட்டத்தை அறுநூறில் எடுக்கிறோம். கணக்கின்படி, 24 மெகாபிக்சல் கொண்ட சிறிய சென்சாரின் ஒரு புள்ளி, அத்தொலைவில் ஒன்றேகால் மில்லிமீட்டரை அடக்க வேண்டும். கழுத்து மயிரே எண்ணும்படி தெரிய வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் எடுத்த படத்திலோ பறவையின் உருவம் நீரில் கரைந்த ஓவியம்போல் நெளிகிறது. நீரும் கரையும் வெப்பமடைந்து, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து எழும்போது, அவை ஒவ்வொன்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதே காரணம். பத்து லட்ச ரூபாய் லென்ஸுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை. தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளுக்கும் தார்ச் சாலைக்கும் மேலாக எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

வானவியலார் இதை நன்கு அறிவர். 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வுக் கூடத்துக்குப் பின், 1899-இல் கோடைக்கானல் மலையில் சூரிய ஆராய்ச்சிக் கூடம் எழுந்ததும், 1986-இல் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி ஜவ்வாது மலையில் காவலூரில் நிறுவப்பட்டதும், தெளிந்த நிலையான காற்றை நாடியே அல்லவா? மலையேற இயலாத நமக்குக் காலம் ஒன்றே துணை. ஜனவரியில் ஆறரை மணிக்குச் சூரியன் உதித்தபின் கிடைக்கும் முதல் இரண்டு மணி நேரமே மேற்குச் சென்னை ஏரிகளின் அமிர்த வேளை. வெளிச்சம் குறைவென்று ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு மேல் ஏற்ற நேர்ந்தாலும், அதனால் படத்தில் விழும் புள்ளிக்குறைகளைப் பின்னர் திருத்தலாம், கலங்கிய காற்றைத் திருத்த எந்த மென்பொருளாலும் ஆகாது.

நெருங்குவதன் அருமை

தொலைவைக் குறைப்பதே கூர்மையைக் கூட்டும் தலையாய வழி. தொலைவு பாதியானால் பறவை படத்தில் நான்கு மடங்கு இடத்தை நிரப்புகிறது. இடையே உள்ள காற்றும் பாதியாகிறது. 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட ஆவடி பருத்திப்பட்டு ஏரியில், காலை நடைக்கு வரும் ஜனங்களுக்குப் பழகிப்போன மஞ்சள் மூக்கு நாரைகள், வேறிடத்தில் இருந்தால் பறந்துவிடக்கூடிய தொலைவில் நின்று நிதானமாக இரை தேடுகின்றன. அங்கே துரத்தத் தேவையில்லை. கரையில் தாழ அமர்ந்து, லென்ஸை மானோபாடில் தாங்கி, ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்து, பறவை தானாக அருகே வரும் வரை காத்திருந்தால், அறுநூறுக்குப் போகாமல் நானூறிலேயே கண்ணின் வளையம் வரை தெளிவாக விழும். கூடுகட்டும் காலத்தில் மட்டும், எவ்வளவு ஆசை இருப்பினும், விலகி நிற்பதே தர்மம்.

பொறுமைக்கும் பறவையின் இயல்பை அறிவதற்கும் ஈடான உபகரணம் இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு மகத்தான உதாரணம் இருக்கிறது. 1950 முதல் 1996-இல் தாம் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதிய மா. கிருஷ்ணன், ஓரிடத்துக் கேமராவையும் வேறிடத்து லென்ஸையும் தம் கையாலேயே பொருத்தி அமைத்த பளுவான கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் சூட்டி, அதைச் சுமந்துகொண்டு காடுகளில் நடந்து, கருப்பு வெள்ளையில் எடுத்த யானைகளின் படங்கள், இன்றைய விற்பனைப் பட்டியல்கள் பேசும் எந்த அளவுகோலுக்கும் அடங்காதவை. தானியங்கிப் போகஸோ கைநடுக்கம் தாங்கும் வசதியோ அவர் கருவியில் இல்லை. விலங்கு அடுத்து என்ன செய்யும் என்ற ஞானம் அவரிடம் இருந்தது.

இவ்வளவும் வெறும் பொழுதுபோக்கு நுணுக்கமல்ல. 2015 முதல் ஆண்டுதோறும் தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஐயத்துக்குரிய ஓர் ஆலாவையோ பூனைப்பருந்தையோ இன்னதென்று நிச்சயிப்பதற்குச் சான்றாவது பல சமயம் இத்தகைய லென்ஸில் விழுந்த ஒரு படமே. கழிவுநீரை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்த கொரட்டூர் போன்ற ஏரிகளுக்கு, இன்ன நாளில் இன்ன பறவை இங்கே இருந்தது என்று காட்டும் தெளிவான படம், ஆயிரம் வாதங்களுக்கு நிகரான சாட்சியம். ஆகவே கையில் இருக்கும் லென்ஸைப் பழிக்காமல், அதன் எல்லையை ஒரு காலைப் பொழுதில் சோதித்து அறிந்து, ஈரம் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு பூஞ்சை அண்டாமல் பேணி, வரும் தை மாதத்தில் தத்தம் ஊர் ஏரிக்கு எடுத்துச் சென்று, எடுத்த படத்தை நாளும் இடமும் குறித்துப் பொதுப் பதிவேட்டில் சேர்ப்பதே இந்த லென்ஸ்களை வாங்கியவர்கள் செய்யத்தக்க காரியம். அதற்குத் தேவையான கூர்மை அவற்றில் நிறையவே இருக்கிறது.