டோஸ்கானினி: கோலும் காகிதமும்

கவிஞன் செத்தால் கவிதை மிஞ்சும். ஆர்கெஸ்ட்ராவும் ஓபராவும் நடத்துகிறவன் செத்தால் என்ன மிஞ்சும்? மேடையில் சத்தமே எழுப்பாத ஆள் அவன். ஆனாலும் அர்த்துரோ டோஸ்கானினி (1867-1957) நிறையவே விட்டுப்போயிருக்கிறார். அவர் கைப்படக் குறிப்பெழுதிய இசைப்பிரதிகளும் ஒத்திகை ஒலிப்பதிவுகளும் நியூயார்க் பொது நூலகத்தின் சேகரத்தில் இருக்கின்றன. அவற்றை அவருடைய பிம்பத்துக்கு எதிரான சாட்சியமாக வாசிக்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில் பிம்பம். 1886இல் ரியோ டி ஜெனிரோவுக்கு செல்லோ வாசிக்கப்போன பத்தொன்பது வயசுப் பையன், நடத்த ஆளில்லாமல் போன ஓர் இரவில் வெர்தியின் 'அய்தா'வை மனப்பாடமாக நடத்திவிட்டான். 1896இல் புச்சினியின் 'லா போஹெம்' அவர் கையில்தான் அரங்கேறியது. மிலானில் லா ஸ்காலா, நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன், 1937 முதல் 1954 வரை என்பிசி வானொலியின் ஆர்கெஸ்ட்ரா. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே இசைப்பவர் என்பது அவரைச் சுற்றி எழுந்த தொன்மம்.

பிரதிகள் சொல்வது வேறு. டெபுஸ்ஸியின் 'லா மேர்' போன்றவற்றில் அவர் வாத்தியப் பகிர்வையே மாற்றியிருக்கிறார். மற்ற வாத்தியங்களுக்கு அடியில் அமுங்கிப்போகும் ஒரு இழை காதில் விழவேண்டும் என்றால் அதை இன்னொரு வாத்தியத்துக்கும் கொடுத்தாக வேண்டும். அப்போ விசுவாசம் பொய்யா? பொய்யில்லை. விசுவாசம் என்பதும் ஒரு வாசிப்புதான், அவ்வளவே.

அரசியலிலும் இதே கதை. 1931இல் போலோஞ்யாவில் ஃபாசிஸ்ட் கீதத்தை வாசிக்க மறுத்து அறை வாங்கினார். 1933இல் ஹிட்லரின் ஜெர்மனியில் பைராய்த் விழாவுக்கு வரமாட்டேன் என்றார். ஆனால் 1919இல் முசோலினியின் பட்டியலில் வேட்பாளராக நின்று தோற்றவரும் இதே டோஸ்கானினிதான். இதை மறைத்துவிட்டுப் பிறவி எதிர்ப்பாளராக அவரைக் கட்டமைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தப்பான இடத்தில் நின்ற ஒருவர் அங்கிருந்து விலகி வந்ததுதான் முக்கியம். பிறவி எதிர்ப்பாளரிடம் நாம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஒத்திகைப் பதிவுகள் இன்னும் சங்கடமானவை. ஃபாசிசத்துக்குத் தலைவணங்காத அதே மனிதர், தன் கலைஞர்கள்மீது எரிந்துவிழுந்து கத்துகிறார். இசை நடத்துபவனை அதிகாரத்தின் உருவகமாக அடோர்னோ 1962இல் எழுதியது இங்கே ஞாபகம் வருகிறது. 'கலைக்காகத்தானே கத்தினார்' என்று சமாதானம் சொல்வார்கள். எல்லா அதிகாரமும் எதற்காகவாவதுதான் கத்துகிறது.

வெளியே சர்வாதிகாரியை எதிர்ப்பவர் தன் அறைக்குள்ளேயே சின்ன சர்வாதிகாரியாக இருக்கமுடியும். இயக்கங்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. புகழுரைகள் இரண்டில் ஒன்றை அழித்துவிடும். ஆவணச் சேகரம் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. ஒருவரின் காகிதங்களைப் பாதுகாப்பது அவரை வழிபட அல்ல, அவரோடு தொடர்ந்து சண்டை போட.