கறுப்புத் தூளுக்குள் ஹைட்ரஜனைத் தேடி

இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற ஊரில் வட்டமாக வளைந்த ஒரு குழாய் இருக்கிறது. சுற்றளவு 163 மீட்டர். நிதானமாக நடந்தாலும் இரண்டு நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். அதற்குள் புரோட்டான்கள் ஒளியின் வேகத்தில் 84 சதவீதத்தை எட்டுகின்றன. நொடிக்கு 50 முறை, கொத்துக் கொத்தாக வெளியேறி டங்ஸ்டன் உலோகத்தில் மோதுகின்றன. ஒரு புரோட்டான் மோதினால் பதினைந்து, இருபது நியூட்ரான்கள் தெறிக்கும். ஐசிஸ் என்ற இந்த ஆய்வு நிலையத்துக்கு கிளாஸ்கோ பல்கலைக்கழக வேதியியலாளர்கள் கொண்டுவந்தது சில கிராம் தூள்.

அந்தத் தூள் ஒரு வினையூக்கி. அதாவது, தான் செலவாகாமல் வேதிவினையை முடுக்கிவிடும் பொருள். அலுமினா என்ற வெண்பொடியின் மேல் நுண்ணிய நிக்கல் துகள்கள் ஒட்டியிருக்கும். கடும் சூட்டில் அதன் மேல் மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். பூமியைச் சூடாக்கும் இரண்டு வாயுக்கள் உள்ளே போகின்றன. மெத்தனாலும் டீசலும் செய்ய உதவும் மூலப்பொருள் வெளியே வருகிறது! நீராவி இல்லாமல் நடப்பதால் இதை 'உலர் மறுவாக்கம்' என்கிறார்கள். ஒரே தொல்லை, நிக்கலின் மேல் கரி படிகிறது.

கரி ஏன் படிகிறது என்று அறிய, மீத்தேனிலிருந்து பிரிந்த ஹைட்ரஜன் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். அதுதான் கடினம். எக்ஸ் கதிருக்குத் தெரிவது எலக்ட்ரான்கள். நிக்கலில் அவை 28. ஹைட்ரஜனில் ஒன்றே ஒன்று. அகச்சிவப்பு ஒளியையோ கரி படிந்த தூள் விழுங்கிவிடும்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. எலக்ட்ரான்களைப் பொருட்படுத்தாமல் நேரே அணுக்கருவைச் சந்திக்கிறது. அங்கே கணக்கு தலைகீழ்! நியூட்ரானைச் சிதறடிப்பதில் ஹைட்ரஜன் அணு அலுமினியத்தை விட ஐம்பது மடங்குக்கும் மேல் வலியது. ஆக்சிஜனை விட ஏறக்குறைய இருபது மடங்கு. எக்ஸ் கதிருக்கு மிக மங்கலான அணுவே இங்கே எல்லாவற்றையும் விடப் பளிச்சென்று தெரிகிறது.

ஆனால் டங்ஸ்டனிலிருந்து தெறிக்கும் நியூட்ரான்களின் வேகம் இந்த வேலைக்கு மிக அதிகம். அதைத் தணிக்கத் தண்ணீரே போதும். ஒரே எடையுள்ள இரண்டு கோலிகளில் ஒன்று மற்றொன்றை நேராக அடித்தால், அடித்தது அப்படியே நின்றுவிடும், அடிபட்டது ஓடும். நியூட்ரானும் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனின் கருவும் கிட்டத்தட்ட ஒரே எடை. சுமார் இருபது மோதல்களிலேயே வேகம் நொடிக்குச் சில கிலோமீட்டராக இறங்கிவிடுகிறது.

சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதுதான் இங்கும் நடக்கிறது. நியூட்ரான் தட்டியதும் ஹைட்ரஜன் அதிர்கிறது. கார்பனோடு பிணைந்த ஹைட்ரஜனுக்கு ஓர் அதிர்வு, ஆக்சிஜனோடு பிணைந்ததற்கு வேறோர் அதிர்வு. அதிரவைக்கச் செலவான ஆற்றல் நியூட்ரானின் கணக்கில் குறையும். டாஸ்கா என்ற நிறமாலைமானி சுமார் 17 மீட்டர் தள்ளி நின்று, நியூட்ரான் புறப்பட்டு வந்துசேரும் நேரத்தை வைத்து அந்தக் குறைவைக் கணிக்கிறது. அந்தப் பயணம் நாம் கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அணுக்களின் சொந்த நடுக்கம் குழப்பாதிருக்க, உலையில் வெந்து வந்த தூளை மைனஸ் 250 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கே கிடைத்த விடைதான். கரி ஏராளம்; அதில் ஹைட்ரஜன் அநேகமாக இல்லை! மீத்தேனை உடைப்பதிலும், ஹைட்ரஜன் அணுக்களை இணை சேர்த்து அனுப்புவதிலும் நிக்கலுக்குச் சுணக்கமே இல்லை. பின்தங்குவது கார்பன் மட்டும். ஆக்சிஜன் வந்து எடுத்துப் போவதற்குள் அது குவிந்துவிடுகிறது. ஆகவே வினையூக்கியைத் திருத்துபவர்கள் கவனிக்க வேண்டியது கார்பனும் ஆக்சிஜனும் சந்திக்கும் இடத்தை.

அந்தக் கரியின் ஒரு பகுதி மயிரிழை போல வளர்கிறது. வளரும்போது தன் அடியிலிருந்த நிக்கல் துகளையும் பெயர்த்து நுனியில் தூக்கிக்கொள்கிறது. அந்த உயரத்திலும் நிக்கல் ஓய்வதில்லை. வரும் மீத்தேனை உடைத்துக்கொண்டே இருக்கிறது.