பொய்ப்பல்லும் வாய் மதுவமும்: ஒரு பொருள்நிலை விளக்கம்

பொய்ப்பல் அணிவோரின் மேலண்ணம் சிவந்து அழற்சியுறும்போது, அதனை அவர்தம் சுத்தமின்மையின் விளைவாகவே கொள்வது வழக்கம். இது முழு உண்மையன்று என்பதே எமது கருத்து. கன்டிடா அல்பிக்கன்ஸ் எனும் மதுவம் நோயற்றோர் பலரின் வாயிலும் தீங்கின்றி வாழ்வதாகும். அது நோய்க்காரணியாக மாறுவதற்கான புறநிலைமைகளை நாம் பொய்ப்பல்லின் பொருளிலும் தேடவேண்டியுள்ளது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வல்கனைற்று எனப்பட்ட வன்றப்பர், பொய்ப்பல்லைச் சாதாரண மக்களுக்கும் எட்டச் செய்தது. எனினும், ஆக்கவுரிமை 1881இல் முடிவுறும்வரை அமெரிக்கப் பல்மருத்துவர்கள் அதற்குக் கட்டணம் செலுத்த நேர்ந்தது. 1930களின் பிற்பகுதியில் அறிமுகமான அக்கிரிலிக்கு பின்னர் அதன் இடத்தைப் பெற்றது.

அக்கிரிலிக்கு நுண்டுளைகள் உடையது, நீரை உறிஞ்சுவது. அண்ணத்தைத் தொடும் அதன் பரப்பு, பொருத்தம் கெடாதிருக்கும்பொருட்டு மெருகிடப்படுவதில்லை. அக்கரட்டுப் பரப்பிலே மதுவக் கலங்கள் உமிழ்நீரின் அலசலுக்குத் தப்பி ஒட்டிக்கொள்கின்றன. பொய்ப்பல்லின் அடியில் உமிழ்நீர் ஓட்டம் குன்ற, அமிலத்தன்மை மிகுந்து, அவற்றின் வளர்ச்சிக்கு வாய்ப்பாகிறது. பேராதனையில் பல்மருத்துவம் பயின்ற லக்ஷ்மன் சமரநாயக்கவும் மக்பார்லேனும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, வெல்லம் மிகுந்த ஊடகத்தில் வளர்ந்த மதுவம் அக்கிரிலிக்கில் கூடுதலாக ஒட்டுவதைக் காட்டிற்று. எனவே பொருளை உணவினின்றும் பிரித்து நோக்குதல் பொருந்தாது.

வெப்பத்தால் இறுகும் அக்கிரிலிக்கைவிட, பழுதுபார்க்கப் பயன்படும் தானே இறுகும் வகை துளைகள் மிகுந்தது. நோகும் முரசுக்கு இதமளிக்கும் மென்படைகளோ நாட்பட நயமிழந்து கரடாகி, மதுவத்துக்கு உறைவிடமாகின்றன. புதியது செய்விக்க வசதியற்றவரே ஒட்டியும் படையிட்டும் பழைய பொய்ப்பல்லைப் பல்லாண்டு அணிகின்றனர். மதுவம் வர்க்கம் அறியாது. அது பற்றி வளரும் பரப்போ வர்க்க நிலைமையால் தீர்மானிக்கப்படுகின்றது.

இரவில் பொய்ப்பல்லைக் கழற்றிவைத்தலும் நாள்தோறும் தூரிகையால் துலக்குதலும் இன்றியமையாதனவே. ஆயின், தேய்ந்த பொய்ப்பல்லை உரிய காலத்தில் மாற்றும் வாய்ப்பை மக்களுக்கு வழங்காத சமூகம், அவர்தம் சுத்தத்தை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.