மழைக்கு முன்னே ஒரு பட்டியல்

2021 நவம்பர் 19. பாலாற்றில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்த நேரம். பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள்.

பாலாற்றங்கரைக்கு இது புதிதல்ல. 1903 நவம்பர் வெள்ளத்தில் வாணியம்பாடியில் 200 பேருக்கு மேல் மாண்டார்கள்.

மண் சுவர் அடியில் ஊறி, மழை விட்ட பிறகும் சரியும். பெரியவர்கள் எழுந்து ஓடலாம். தூங்கும் குழந்தையை யாராவது தூக்கித்தான் ஆகவேண்டும். ஆம்பூர் பக்கம் பல தாய்மார்கள் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை பாட்டியிடம். அப்போது தூக்குவது யார்? இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

* அங்கன்வாடிப் பணியாளரோடு உட்கார்ந்து, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீடுகளை எழுதுங்கள். மண் சுவர், ஓடைக்கரை வீடுகளுக்குத் தனிக்குறி போடுங்கள்.

* ஒவ்வொரு குழந்தைக்கும் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் பொறுப்பு.

* தங்குமிடம் பள்ளிக்கூடமா, மண்டபமா? சாவி யாரிடம்?

* ஏரி கோடி போவதை முதலில் பார்ப்பவர் விவசாயிதான். உடனே கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லச் செய்யுங்கள்.

* காய்ச்சி ஆறிய தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், மாற்றுத்துணி, டார்ச் ஒரே பையில் இருக்கட்டும்.

மாவட்ட அவசர உதவிக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அக்டோபர் 2 கிராம சபை கூடுகிறது. பட்டியலை அங்கே வாசியுங்கள். உங்கள் ஊர் ஏற்பாட்டில் சந்தேகம் இருந்தால் கேள்வி பகுதிக்கு எழுதுங்கள்.