கொள்ளைநோய்க் காலத்தில் வீடற்றோரும் கலையும்

நேயர்களே, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலேசியாவில் அம்மாதம் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. "வீட்டிலேயே இருங்கள்" என்பதே அன்று பல நாட்டு அரசாங்கங்களும் மக்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை. நாமும் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தோம். அடைப்பதற்குக் கதவே இல்லாதவர் என்ன செய்வார்? இந்த வினாவைக் கலைஞர் ஒருவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை இன்று காண்போம்.

இந்தியாவில் மார்ச் 24ஆம் நாள் இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நான்கு மணி நேரத்தில் அது நடப்புக்கு வந்தது. பேருந்தும் பயணிகள் ரயிலும் நின்றன. பிழைப்புத் தேடி நகரங்களுக்கு வந்திருந்த கட்டடத் தொழிலாளர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் கூலி நின்றது. பலர் வேலை செய்த இடத்திலேயே தங்கியிருந்தவர்கள். வேலை போனபோது தலைக்கு மேலிருந்த கூரையும் போயிற்று. ஊரில் குடிசை இருந்தும், நகரத்தில் ஒரே நாளில் வீடற்றோர் ஆனார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். மே 8ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலத்தில், நடந்த களைப்பில் தண்டவாளத்தின்மீதே உறங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி மாண்டனர். அவர்கள் வழிக்கென வைத்திருந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த புகைப்படம் நாடெங்கும் மக்களை உலுக்கியது.

அவ்வாண்டு அக்டோபரில் துர்க்கை பூசை வந்தது. கொல்கத்தாவின் தென்பகுதியில், பேஹாலாவில் உள்ள பரிஷா மன்றத்தின் பந்தலுக்குச் சிற்பி பல்லப் பௌமிக் ஒரு சிலை செய்தார். அதில் தேவி போர்க்கோலத்தில் இல்லை. எளிய சேலை கட்டிய ஒரு தாய், மேற்சட்டையில்லாத குழந்தையைக் கையில் ஏந்தி நடக்கிறாள். பின்னால் அவளுடைய மற்றப் பிள்ளைகள். ஒரு பெண்ணின் கையில் ஆந்தை, மற்றொருத்தியிடம் அன்னம், கூடவே யானைமுகச் சிறுவன். அவர்கள் யார் என்று வங்காளிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலக்குமி, சரசுவதி, பிள்ளையார். கையில் இருப்பவன் கார்த்திகேயன்.

இது வெறும் புதுமைக்காகச் செய்ததா? அன்று. வங்காள மக்களின் நம்பிக்கைப்படி, துர்க்கை ஆண்டுதோறும் நான்கு பிள்ளைகளுடன் தன் பிறந்தகம் வரும் மகள். பிள்ளைகளோடு வீடு நோக்கி வரும் தாயின் கதை அந்தப் பண்டிகைக்குள்ளேயே இருந்தது. சிற்பி அதனை நெடுஞ்சாலையில் கொண்டுபோய் நிறுத்தினார், அவ்வளவுதான். சில மாதங்களுக்கு முன் சாலையில் அவளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவரும், பந்தலில் அவள்முன் கைகூப்ப வேண்டியதாயிற்று. இரக்கத்தைக் கேட்காமல் மரியாதையைக் கேட்டதே இந்தச் சிலையின் சிறப்பு.

இத்தகைய கலைக்கு வங்காளத்தில் ஒரு முன்வரலாறு உண்டு. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கிராம மக்கள் உணவு தேடி வந்து அந்நாளைய கல்கத்தாவின் நடைபாதைகளில் விழுந்தார்கள். பஞ்சத்தைத் தொடர்ந்து காலராவும் மலேரியாவும் பெரியம்மையும் பரவின. ஓவியர் ஜைனுல் ஆபிதீன் அந்த மக்களை மலிவான தாளில் கறுப்பு மையால் வரைந்தார். சித்தப்பிரசாத் மிதினாப்பூர் மாவட்டத்திற்குச் சென்று, கண்டதை வரைந்தும் எழுதியும் நூலாக்கினார். ஆங்கில அரசு அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. கோடுகளால் ஆன படத்துக்கே ஓர் அரசு அஞ்சியது என்றால், அதன் ஆற்றலை நாம் உணரலாம்.

"சிலை சோறு போடுமா?" என்று கேட்கலாம். போடாது. பசித்தவருக்கு முதலில் வேண்டியது உணவும் உறைவிடமுமே. ஆனால் நோய் தணிந்ததும் சாலைகள் வெறிச்சோடும். நடந்தவர்களின் துயரமும் மறந்துபோகும். மறந்துபோன துன்பத்துக்கு யாரும் பரிகாரம் தேடுவதில்லை. அந்த மறதியைத் தடுப்பதே கலையின் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 19ஆம் நாள், நோய்ப் பரவலைத் தடுக்கும்பொருட்டு, பார்வையாளர்கள் பந்தல்களுக்குள் நுழையக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தாயை அருகில் சென்று காண முடியாதவர்கள் நாளிதழ்களிலும் கைத்தொலைபேசிகளிலும் கண்டார்கள். கொல்கத்தாவைப் பார்த்திராத நம்மவர்களையும் அப்படம் எட்டியது.

அடுத்த முறை ஐந்தடி வழியிலோ பேருந்து நிலையத்திலோ ஒருவர் அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்திருக்கக் கண்டால், நேயர்களே, அந்தத் தாயை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் எங்கோ ஒரு வீட்டை நோக்கி நடந்து வந்தவராக இருக்கலாம்.